மிதித்தால் தாங்குகிற டேப்

தர்மேந்திரன் முதலில் உடைத்தது அளக்கிற டேப்பைத்தான். அதற்கப்புறம்தான் குமுதாவின் பக்கம் திரும்பினான்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. மலைமேல் கோலா தெர்லாவிலிருந்து கீழே ஈப்போ டவுனுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிற தர்மேந்திரன் வழக்கத்துக்கு முன்னாலேயே வீடு வந்துவிட்டான். குமுதா தரையில் கென்வாஸை விரித்து, முழங்கால் போட்டு அளந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சேற்றுக் காலோடு கென்வாஸின் மேல் நடந்து வந்தான்.

"ஏணியில ஏறுனியாமே? கியா பார்ம் கடைத்தெருவுல எல்லாப் பயலும் கீழ நின்னு பாத்தானுங்களாமே?"

"ஏறாம எப்படிங்க கென்வாஸ மாட்டுறது?" என்றாள் குமுதா.

அவள் சொன்னது அவ்வளவுதான். அவன் குனிந்து டேப்பைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். கீழே விழுந்ததைக் குதிகாலால் மிதித்தான். மஞ்சள் பிளாஸ்டிக் கூடு பிளந்து, உள்ளே சுருண்டு கிடந்த இரும்பு நாடா பாம்பு மாதிரி துள்ளி வெளியே வந்தது. அதைக் கைகொள்ளும் அளவுக்கு மடித்துப் பிடித்துக்கொண்டு அவளை விளாசினான். முகத்தை மறைக்க அவள் கையைத் தூக்கினாள். நாடாவின் விளிம்பு இடது முழங்கைக்குக் கீழே சதையைத் திறந்துவிட்டது. இரத்தம் கென்வாஸில் சொட்டியபோது, 'கறை போகாதே, நாளைக்கு இதைக் கொடுக்கணுமே' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அப்புறம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கல்யாணமாகி இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிய அடி அது. தோடோடு சேர்ந்து ஒரு காது கிழிந்திருந்தது. கடைவாயில் ஒரு பல் இல்லை. வெளியில் தர்மேந்திரன் நல்ல சிரிப்புக்காரன். லோரியை நிறுத்திவிட்டு ரோட்டோர ஒட்டுக்கடையில் டீ குடிக்க உட்கார்ந்தால் அவனைச் சுற்றிக் கூட்டம் சேரும். "அவனா அடிக்கிறான்? நீ என்ன பண்ணின?" என்று லயத்துப் பெண்கள் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதைக் குமுதா எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அவளும் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள்தான். நாத்தனார் நீலாவதிதான் அவளைக் கென்வாஸ் வேலைக்கு இழுத்தாள். நீலாவதியிடம் தடித்த துணி தைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. இந்த மலையில் மத்தியானம் ஆனால் மழை. ரோட்டோரத்து ஸ்ட்ராபெரி கடைக்கும் பூக்கடைக்கும் முகப்பில் கென்வாஸ் இல்லாமல் ஆகாது. குமுதா அளப்பாள், வெட்டுவாள், ஏணியேறி மாட்டுவாள், நீலாவதி தைப்பாள். ஏணியின் உச்சியில் நின்று கம்பியில் டேப்பின் கொக்கியை மாட்டி, நாடாவை இழுத்துக்கொண்டு போகும்போது குமுதாவுக்கு ஒரு சந்தோஷம் வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அது எப்படியோ தெரிந்துவிட்டது. அவன் டேப்பை உடைத்தது அதனால்தான் என்று அவள் நம்பினாள்.

அன்று மழையோடு மழையாக நடந்து நீலாவதியின் வீட்டுக்குப் போனாள். கையில் சுற்றியிருந்த துண்டை நீலாவதி அவிழ்த்துப் பார்த்தாள். தர்மேந்திரன் அவளுக்குத் தம்பி மட்டுமல்ல. அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள். இவளுடைய புருஷன் செத்தபோது, வேலையைப் போட்டுவிட்டு வந்து ஒரு மாதம் கூடவே கிடந்தவன் அவன்.

"இது எதால அடிச்சது?" என்றாள் நீலாவதி.

"டேப்பு, அண்ணி."

நீலாவதி காயத்தைக் கழுவிக் கட்டினாள். "இனிமே அங்க போகாத. இங்கயே இரு," என்றாள்.

மறுநாள் இருவரும் பிரிஞ்சாங் டவுனில் இருக்கிற ஹார்ட்வேர் கடைக்குப் போனார்கள். கடையை நடத்துகிற சீனத்து அம்மாவை எல்லோரும் 'ஆ சோ' என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி, இடையிடையே 'லா' போட்டுத் தமிழ் பேசுவாள். டேப் என்றதும், வாசலில் தொங்கிய மலிவான சரத்தைக் காட்டினாள்.

"அது வேணாம் ஆ சோ. ரெண்டு மாசத்துல துரு ஏறிடுது. இந்த மழையில நம்பரெல்லாம் அழிஞ்சு போயிடுது," என்றாள் குமுதா. பிறகு கொஞ்சம் தயங்கி, "மிதிச்சா தாங்கணும்," என்றாள்.

"யாரு மிதிக்கிறா?"

குமுதா வாய் திறப்பதற்குள் நீலாவதி சொன்னாள். "என் தம்பி."

ஆ சோ குமுதாவின் கைக்கட்டைப் பார்த்தாள். உள்ளே போய், மேஸ்திரிமார் வாங்குகிற டேப்புகள் இருந்த தட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

குமுதா ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் நுனிக் கொக்கியைப் பார்த்தாள். கொக்கி நாடாவோடு சேருகிற இடத்தில்தான் எல்லா டேப்பும் முதலில் சாகும். ஆணி நிறைய அடித்து, அந்த இடத்தில் நாடாவுக்கு மேல் இன்னொரு பூச்சும் போட்டிருந்ததை ஒதுக்கி வைத்தாள். கொக்கி இலேசாக முன்னும் பின்னும் ஆடியது. அது ஆடத்தான் வேண்டும். மாட்டி இழுத்தாலும் முட்டவைத்து அளந்தாலும் கொக்கியின் கனம் கணக்கில் சேராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஆடினால்தான் ஆகாது. பிறகு நாடாவை அந்தரத்தில் நீட்டிப் பார்த்தாள். அகலம் குறைந்த நாடா ஏணி உயரத்தில் பாதிகூடப் போகாமல் மடங்கி விழுந்தது. அகலமானது விறைத்து நின்றது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதபோது அதுதான் உதவும். நாடாவை இழுத்துப் பூட்டுப் போட்டு, பலமாக வெட்டி இழுத்தாள். ஒன்றில் பூட்டு நழுவியது. அதைத் தள்ளிவிட்டாள். கூட்டின் வாயை விரலால் தடவி, சேறு புகுந்தால் கழுவ முடியுமா என்று பார்த்தாள்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கூடு முழுக்கத் தடித்த ரப்பர். கையில் எடுத்தால் கல் மாதிரி கனம்.

"கீழ போட்டுப் பாக்கவா?" என்றாள்.

"போடுலா. ஒடஞ்சா என் கணக்கு."

குமுதா அதை சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தாள். அது குதித்து விழுந்தது. மறுபடி எடுத்து அடித்தாள். அப்புறம் குதிகாலால் மிதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முந்தின நாள் அவன் மிதித்த மாதிரியே மிதித்தாள். சாமான் வாங்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. நீலாவதிதான் தோளைத் தொட்டு, "போதும் குமுதா," என்றாள். எடுத்து இழுத்தார்கள். நாடா சிக்காமல் வந்தது, சிக்காமல் உள்ளே போனது.

அடுத்த வாரம் கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரி கடைக்கு முகப்பு. மத்தியானம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. குமுதா ஏணியின் மேலே. நீலாவதி கீழே சாக்கட்டியோடு நின்று, அவள் சொல்கிற அளவைக் கென்வாஸில் குறித்துக்கொண்டிருந்தாள். அளந்து முடித்த டேப்பைக் குமுதா இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்புறம் ஒரு லோரி நின்றது.

தர்மேந்திரன் ஓடவில்லை. நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தான்.

"எறங்குடி."

"வேலையா இருக்கேன்."

"அக்கா, நீ போ. இது எனக்கும் அவளுக்கும்," என்றான் நீலாவதியைப் பார்த்து. அவள் பதில் சொல்வதற்குள் ஏணியின் காலைப் பிடித்து இழுத்துவிட்டான்.

குமுதா சோளப் பெட்டிகளின் மேல் விழுந்து தரைக்கு உருண்டாள். இடது மணிக்கட்டு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எழுவதற்குள் விலாவில் உதை விழுந்தது. முடியைப் பிடித்து லோரிப் பக்கம் இழுத்தான். ஜல்லியில் அவள் முட்டியும் தொடையும் உரிந்தன. சுற்றுலாக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைக்காரன் கத்தினான். கிட்டே யாரும் வரவில்லை.

நீலாவதி வந்தாள். தம்பியின் கையைப் பிடித்து, "விடுடா! விடுடா தர்மா! செத்துருவாடா!" என்று தொங்கினாள். அவன் கையை உதறி, அக்காவின் வாயிலேயே ஒரு அறை விட்டான். கொழுத்த உடம்போடு நீலாவதி மல்லாந்து விழுந்தாள். உதடு கிழிந்து தாடையெல்லாம் இரத்தம். பிறந்ததிலிருந்து அவன் அவள்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முடியைப் பிடித்த பிடி தளர, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குமுதாவின் வலது கை இடுப்புக்குப் போனது. அகப்பட்டது டேப்தான். எழுந்த வேகத்தில் அதன் முனையால் அவன் கண்ணுக்குக் கீழே அடித்தாள். கன்னத்து எலும்பு உள்ளே இறங்கியது. அவன் சத்தம் போடாமல் முட்டி போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடினான். சண்டை அத்தோடு முடிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தே இன்னொரு தடவை ஓங்கி, மண்டையில் அடித்தாள். அந்த அடியில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. பல வருடம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை ஓங்கியபோது கடையில் வேலை பார்த்த நேப்பாளக்காரன் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தர்மேந்திரனைப் பிறகு ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். குமுதாவைப் போலவே அவனும் பொலிஸில் ரிப்போர்ட் கொடுத்தான்: பொண்டாட்டி இரும்பால் அடித்துக் கொல்லப் பார்த்தாள் என்று. பொலிஸ் டேப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தமிழர். குமுதாவைக் கேட்டுவிட்டு நீலாவதியிடம் வந்தார்.

"அவர் கீழ உக்காந்ததுக்கு அப்புறமும் அடிச்சாங்களா?"

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிக்காக நீலாவதி என்ன சொன்னாலும் தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

"அடிச்சா," என்றாள் நீலாவதி, வீங்கிய உதட்டோடு. "உக்காந்தப்புறம் ஒன்னு அடிச்சா. நான் பாத்தேன். இத்தன வருசமா அவன் இவள அடிச்சதயும் பாத்தேன். காது கிழிஞ்சது, பல்லு போனது. வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதையும் சேத்து எழுதுங்க சார்."

இன்ஸ்பெக்டர் எழுதினார்.

குமுதாமேல் வழக்குப் போடவில்லை. தர்மேந்திரன் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். சில மாதம் உள்ளே போனான். அவள் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். லயத்தில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். "புருஷன் மூஞ்சிய ஒடச்சவ" என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். மீதிப் பேர் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கு வழி விட்டார்கள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாவுக்கட்டோடு அவள் மறுபடி பிரிஞ்சாங்குக்குப் போனாள். ஆ சோ அதே வகை ரப்பர் டேப் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"நல்ல சாமான்லா. அன்னைக்கு வாங்குனதுக்கு ஒன்னும் ஆகல பாத்தியா?"

குமுதா அதைக் கையில் எடுத்தாள். கனம் உள்ளங்கையில் உட்கார்ந்தது. கை தானாக மூடிக்கொண்டது. அந்த எலும்பு இறங்கின சத்தமும், அடித்தபோது வந்த சுகமும் திரும்ப வந்தன. உடனே கீழே வைத்துவிட்டாள்.

"கனமா வேணாம் ஆ சோ. நாடா நல்லா இருக்கணும், கொக்கி நல்லா இருக்கணும். கூடு லேசா இருந்தா போதும். ஒரு கையாலதான் அளக்கணும்."

ஆ சோ தேடி எடுத்தது, இழுத்தால் தானாகவே பூட்டிக்கொள்கிற வகை. பித்தானை அழுத்தினால்தான் நாடா உள்ளே போகும். குமுதா பழைய மாதிரியே கொக்கியைப் பார்த்தாள், நாடாவை அந்தரத்தில் நீட்டினாள், வெட்டி இழுத்தாள். கொஞ்சம் சீக்கிரம் மடங்கியது. மற்றதெல்லாம் சரி. கீழே போட்டுப் பார்க்கவில்லை.

மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. குளிர் கூடினால் வலிக்கும். ஆனாலும் லெம்பா பெர்த்தாமில் ஒரு பெரிய தோட்டத்துக்கு மழைக்கூரை வேலை வந்தபோது அவள்தான் ஏணியில் ஏறினாள். ஏணியின் காலை நீலாவதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தர்மேந்திரன் வெளியே வந்து ஈப்போவிலேயே தங்கிவிட்டான். ஒரு கண்ணில் பார்வை மங்கல்; லோரி ஓட்ட முடியவில்லை, எங்கோ மூட்டை தூக்குகிறான் என்று பேச்சு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நீலாவதி விடியற்காலையில் எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். எங்கே போகிறாய் என்று குமுதா கேட்டதில்லை. போய் வந்தேன் என்று அவளும் சொன்னதில்லை. திரும்பி வருகிறபோது அவள் கண் வீங்கியிருக்கும். குமுதா கோப்பி கலக்கிக் கொடுப்பாள். குடித்து முடித்ததும் இருவரும் கென்வாஸை விரிப்பார்கள். ஒரு முனையை நீலாவதி காலால் மிதித்துக்கொள்வாள், குமுதா அளக்கத் தொடங்குவாள்.