மாமியார் இளைத்தால்

என் மனைவி குண்டு. இதை நான் சொன்னது தெரிந்தால் ஒரு வேளை காபி கிடைக்காது; ஆனாலும் உண்மை அதுதான். நிலத்தை ஆள் வைத்துப் பார்க்கத் தொடங்கி, அவள் களத்துமேட்டுப் பக்கம் போவது நின்றபிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தாள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வியாதி என்று நினைப்பதில்லை. வசதியாக இருக்கிறாள் என்பார்கள். பிரஷர் வந்தபிறகும் அப்படித்தான் சொன்னார்கள்.

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மேல் நம்பர் ஏறியிருக்கிறது, கீழ் நம்பர் ஏறவில்லை என்றார். கீழே ஏறாதது நல்லதுதானே என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். எனக்கு எதிலும் வாய் சும்மா இருக்காது.

"இல்லீங்க. ரத்தக்குழா வெறச்சிப்போனா இந்த வயசுல இப்பிடித்தான் காட்டும்."

வயலுக்குத் தண்ணீர் விடும் ஓஸ் குழாய் வெயிலில் கிடந்து விறைத்துப்போய், மோட்டார் போட்டதும் உதறுவதை நான் பார்த்திருக்கிறேன். புரிந்துவிட்டது. வயதும் பிரஷரும் குழாயைக் கெடுக்கும், பருமன் அதை இன்னும் சீக்கிரம் செய்யும் என்றார். வயதைக் குறைக்க முடியாது, எடையைக் குறைக்கலாம்; விட்டால் மூளைக்கோ இதயத்துக்கோ ஆபத்து.

வீட்டில் மருமகள்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சோறு பாதியானது. கரியாலூர் மலைப் பக்கத்துச் சாமை அடுப்பேறியது. ஊறுகாயும் கருவாடும் பரணுக்குப் போயின. விடியலில் இருவரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். சில மாதங்களில் மாமியாரின் ஜாக்கெட்டுகளை மருமகள் பிரித்துப் பிடித்துத் தைத்தாள். மேல் நம்பரும் இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு சின்னசேலத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் மனைவியின் பெரியப்பா மகள், அவளுக்கு அக்கா முறை, மருமகள் காதில் விழும்படியே கேட்டார்.

"இன்னாடி இப்பிடி எளச்சிப்பூட்ட? மருமவ சோறு போடறது இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார் இளைத்தால் அது மருமகளின் குற்றம். டாக்டர் சொன்னார் என்றால், மூடி மறைக்கிறார்கள் என்பார்கள்.

அன்றிலிருந்து என் மனைவி பழையபடி சாப்பிட ஆரம்பித்தாள். கேட்டால், பசிக்கிறது என்றாள். விசேஷங்களில் நாலு பேர் பார்க்கும்படி மறுசோறு கேட்டு வாங்கினாள். முழங்கால் வலி என்று நடையையும் நிறுத்தினாள். அடுத்த முறை டாக்டர் பட்டையைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பர் முன்னைவிட மேலே.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு இன்னா ஆனா இன்னாங்க, வயசாயிடுச்சி. அந்தப் பொண்ணு எதுக்கு ஊர் வாயில வுழணும்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒரு முட்டாளை எப்படித் திட்டுவது? ரகசியம் காப்பது எனக்கு வராது. அன்றே மருமகளிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் நான். அதே அக்கா அவர்களுக்கு இரண்டு இலை தள்ளி. சோறு மறுபடி வந்தது. என் மனைவி வாயைத் திறப்பதற்குள் மருமகள் அவள் இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தாள்.

"போதுங்க. அத்தைக்கு வேணாம்."

அந்த அக்கா விடுவாரா? "பாத்தியாடி, பந்தியிலயே போட வுட மாட்டேங்கறா!"

"ஆமாங்க பெரியத்த, நான்தான் போட வுடல. ஊரு முழுக்கச் சொல்லிக்குங்க." மருமகள் நீட்டிய கையை எடுக்கவில்லை. "எங்கம்மா எலையில இப்பிடி யாரும் கைய நீட்டல."

அவளுடைய அம்மா இதே பிரஷரோடு, இதே பருமனோடு இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. பந்தியில் எல்லாருக்கும் அது தெரியும். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போனார். என் மனைவி மருமகளின் கையை இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இலையை மூடினாள்.