ஆளில்லாப் படகுக்கு ஓர் ஆள்

எங்கள் துறைமுகப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. பொறுப்பாக ஒருவரின் பெயரை எழுதாமல் எந்தப் படகும் இறங்குதுறையை விட்டுப் புறப்படக் கூடாது. அந்தப் பெயர்ப் புத்தகம் என் மேசையில் கிடந்தது, எழுதுகிறவனும் நான்தான். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் கப்பலேறிப் போய்ச் சில வருடங்களாகியும் நாங்கள் அதை விடவில்லை. ஆளே ஏறாத படகு ஒன்று தயாரானபோது, அதற்கும் ஒரு பெயர் வேண்டுமென்று நான் பிடிவாதமாக நின்றேன். எவ்வளவு மடையன் நான்!

படகைச் செய்தவர் பட்டறை வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் போர்மன் ஐயா. உலக யுத்த காலத்துக் கண்ணிவெடிகள் சில உள்துறைமுகத்துச் சேற்றில் இன்னும் கிடந்தன. அவற்றை எடுக்கப் போன கடற்படைப் பொடியன்கள் இருவர் சிதறிப் போனபின், மனுசன் சாப்பாடு தூக்கமில்லாமல் பட்டறையிலேயே கிடந்தார். ஒரு பழைய மோட்டார்ப் படகு, அதன் பின்னால் சேற்றைக் கிளறும் இரும்புச் சங்கிலி. கரையில் நின்றபடி நீண்ட வயர் ஒன்றின் வழியாக அதை ஓட்டலாம், திருப்பலாம். வெடித்தால் பலகைதான் போகும். "இனி ஒரு தாயும் அழத் தேவையில்லை, தம்பி," என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவரைக் கும்பிடாத குறை.

"ஆற்ற பேரை எழுத, ஐயா?"

"உம்மட அத்தான்ர பேரை எழுதும். சும்மா பேருக்குத்தானே."

அத்தான், என் அக்காவின் கணவர், குச்சவெளிக்காரர். பட்டறையில் படகோட்டி. விசயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏறாத படகுக்கு நான் ஓட்டியோ? நல்ல உத்தியோகம்!"

கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வந்த காலையில், படகு இரண்டு சுற்று அழகாக ஓடியது. மூன்றாவதில் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. காற்று அதை மெல்லப் பாறைப் பக்கம் தள்ளியது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். போர்மன் ஐயா எங்கள் பக்கம் வந்து, அதிகாரிக்குக் கேட்காத குரலில் அத்தானிடம் சொன்னார்.

"உம்மட பேரில நிக்கிற படகு. போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வாரும்."

"ஐயா, சங்கிலி இன்னும் அடிச் சேத்துக்குள்ள கிடக்குது."

"ஓம், தெரியும். கெதியாப் போம்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. ஐயா யோசிக்காமல் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நம்பினேன். அத்தான் தோணியில் போய்க் கயிற்றைக் கட்டி இழுத்தார். சங்கிலி அசைந்தது. பிறகு தண்ணீர் பனையளவு எழும்பியது. உயிர் தப்பினார், வலது கால் முழங்காலோடு போயிற்று.

விசாரணைக்கு அத்தானைத் தூக்கிவந்து கதிரையில் இருத்தினோம். "நான் போகச் சொல்லேல்லை. படகு அவற்ற பொறுப்பு, அவராத்தான் போனவர்," என்றார் போர்மன் ஐயா. பொய் என்று நான் கத்தினேன். விசாரித்தவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "இது உங்கட எழுத்துத்தானே?" ஓம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல? அத்தான் யாரையும் ஏசவில்லை. "ஐயாவோ இப்பிடிச் சொல்லுறார்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைத் தின்கிறது. பயத்தில் சொன்ன பொய்யென்றால் எப்போதோ மன்னித்திருப்பேன். படகைச் செய்யத் தொடங்கியபோது அவர் மனதில் செத்துப்போன அந்தப் பொடியன்கள் இருந்தார்கள். செய்து முடித்தபோது படகு மட்டும்தான் இருந்தது. அதே ஊரில், ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் போக எனக்குப் பல மாதங்கள் முகமில்லை.

அடுத்த வருடம் அவர் இரண்டாவது படகைச் செய்தார். ஒன்றுமே நடக்காதவர் மாதிரி என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆரையெண்டாலும் எழுதும், தம்பி. சும்மா பேருக்குத்தானே."

"உங்கட பேரை எழுதட்டோ, ஐயா?"

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு வெளியே போய்விட்டார். அந்தப் படகு கடைசிவரை தண்ணீரில் இறங்கவேயில்லை.