ஒயர்மேல் போட்ட பழி

"காதுல கேக்கறத கம்ப்யூட்டர்ல பாத்து இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார், மைக் செட் வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குச் சுருக்கென்றது.

ஒலியை டெசிபலில் கணக்கிட்டு, பச்சைப் பட்டையாகத் திரையில் காட்டும் மீட்டரை நானே எழுதியிருந்தேன். பௌர்ணமியன்று காலை, அடி அண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களுக்கான அறிவிப்புப் பந்தலில் அதை ஓடவிட்டேன். அண்ணன் பேசப் பேசப் பட்டை துள்ளியது.

"பரவால்லியே!" என்றவர், மைக்கை அணைத்துவிட்டு டீ குடித்தார். மறுபடி பேசியபோது பட்டை அடியிலேயே கிடந்தது.

"லேப்டாப்புக்கு வர்ற உங்க ஒயருதாண்ணா போச்சு" என்றேன்.

அவர் பந்தலோரத்து வெயிலில் மண்டிபோட்டு, ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினார். அவர் சட்டை வியர்வையில் நனைவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மைக்கை அணைத்தால் அளவு பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்கு டெசிபல் கிடையாது. கணக்கு மைனஸில் முடிவே இல்லாமல் இறங்கும்; அது அடியில்லாத பள்ளம். ஒவ்வொரு அளவையும் முந்தைய அளவோடு கலந்து காட்டும் என் மீட்டர், அதில் ஒருமுறை விழுந்தால் ஏறவே முடியாது.

"தப்பு என்னுதுண்ணா."

"அதனால இன்னா? ஒயர தூசு தட்டி ரொம்ப நாளாச்சு."

மைனஸ் அறுபதுக்குக் கீழே இறங்காதபடி ஒரு வரி சேர்த்தேன். பட்டை எழுந்தது. அன்று முழுக்க அதைப் பார்த்துத்தான் அண்ணன் சத்தம் வைத்தார்.

படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் கோளாறு என்றால் முதலில் என் வரிகளைத்தான் பார்க்கிறேன். அண்ணன் இரண்டு மைக்குக்கு மீட்டர் கேட்டார், எழுதிவிட்டேன். முதல் சோதனையை இரண்டையும் அணைத்துவைத்தே செய்தேன்.