அண்ணி போட்ட கோடு

எங்கள் முதலாளிக்கு முதல் இடத்தின் மேல் ஒரு வெறி. சந்தையில் முதல் இடம் வேண்டும், போனால் போகிறதென்று இரண்டாம் இடம். மூன்றாவதாக வருவது எதுவும் அவருக்குத் தொழில் இல்லை, தலைவலி. விற்றுவிடுவார், இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார். அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவின் மேனேஜரும் அவர் முன்னால் நின்று, தங்கள் தொழில் எதுவரை என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். அந்த வரிக்குள் நமக்கு எத்தனையாவது இடம் என்றும் சொல்ல வேண்டும். ஆபீஸில் இதற்குக் கோடு போடுவது என்று பெயர்.

மின்விசிறிப் பிரிவின் மேனேஜர் கோடு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர் என் அண்ணி. அதே பிரிவில் ஸ்டாண்ட் ஃபேன் பாகங்களைப் பொருத்தும் ஹாலுக்கு என் அண்ணன் சூப்பர்வைசர். நான் அடுத்த கட்டடத்தில், தண்ணீர் பம்ப் பிரிவில் ஸ்டோர் கீப்பர். வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே முதலாளி. அவர் முகம் சுளித்தால் எங்கள் அடுப்பு அணைந்துவிடும்.

மேனேஜர் கெட்டிக்காரர். எல்லா விசிறியையும் சேர்த்தால் நாம் மூன்றாவது இடம் என்று தெரிந்ததும் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டார். சீலிங் ஃபேன் நம் தொழில் இல்லை என்றார். உடனே முதல் இடம் வந்துவிட்டது. சீலிங் ஃபேன் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். போட்டிக்காரன் வளர வளர இவர் கோட்டைச் சுருக்கிக்கொண்டே வந்தார். இப்படியே போனால் தன் மேஜை மேல் சுற்றும் விசிறி மட்டும்தான் தொழில் என்று எழுதி, அதிலும் நாமே முதல் இடம் என்று கைதட்டல் வாங்கிவிடுவார் என்று நான் கிண்டலடிப்பேன்.

அந்த வருடம் கிண்டல் வீட்டுக்குள் வந்தது. சாப்பிட உட்கார்ந்த அண்ணன் தட்டைத் தொடவே இல்லை.

"இந்தத் தடவை சுவர்ல மாட்டுற விசிறி மட்டும்தானாம். நான் பண்றது தரையில நிக்குது. என் கதை முடிஞ்சது."

"சுவரோரமா நிக்க வெச்சுட்டா கணக்குல வராதாண்ணே?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே என் நாக்கின் மேல் எரிச்சலாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வேறு யார் வாசலில் போய் நிற்பார்.

அப்போதே அண்ணி மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. கோட்டுக்கு வெளியே விழுந்தவர்களை மட்டும்தான் அனுப்புகிறார்கள், உள்ளே இருந்தவர்கள் யாரும் போகவில்லை. அப்படியானால் கோடு பெரிதாக இருந்தால் போதும். வருடக்கணக்காக அந்த அறையில் அவர் பார்த்தது அதுதானே. வேறு எப்படி நினைப்பார்?

முதலாளி அப்போதுதான் ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். கூட்டத்தில் மேனேஜர் சுவர் விசிறி என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏன் இவ்வளவு சின்னதா யோசிக்கிறீங்க? ஜனங்க நம்மகிட்ட என்ன வாங்குறாங்க, அதைச் சொல்லுங்க." மேனேஜர் கையிலிருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினார். அதுவரை அந்த அறையில் வாயே திறக்காத அண்ணி தலை நிமிர்ந்தார்.

"காத்துதான் சார் வாங்குறாங்க. வீட்டுக்குள்ள குளிர்ச்சியான காத்து. அது சுவர்ல இருந்து வந்தா என்ன, தரையில இருந்து வந்தா என்ன?"

முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். வீட்டுக்குள் குளிர்ச்சி தருவதே நம் தொழில் என்று பலகையில் பெரிதாக எழுதச் சொன்னார். சுவர் விசிறி, ஸ்டாண்ட் விசிறி எல்லாமே கோட்டுக்குள். அன்று மாலை அண்ணன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். "உன் அண்ணிக்கு இவ்வளவு வாய் இருக்குன்னு எனக்கே தெரியாதுடா" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். அண்ணிக்கு வெட்கம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கோட்டைப் பெரிதாக்கிய முதலாளி பழைய விதியை மாற்றவில்லை. குளிர்ச்சிதான் தொழில் என்றானதும், ஏ.சி. விற்கிற பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் அதே கோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாங்கள் பதினோராவது இடம். பதினோராவது இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி பிரிவையே விற்றுவிட்டார். வாங்கியவனுக்கு விசிறியின் பிராண்ட் பெயரும் அதை வார்க்கும் அச்சுகளும் போதும், ஆட்கள் வேண்டாமாம். ஸ்டாண்ட் ஃபேன் ஹாலோடு சுவர் விசிறி ஹாலும் சேர்ந்து காலியானது. மேனேஜர் நினைத்த சின்னக் கோட்டையே போட்டிருந்தால் சுவர் விசிறி ஆட்களாவது பிழைத்திருப்பார்கள்.

அண்ணிக்கு மட்டும் வேலை போகவில்லை. நன்றாக யோசிக்கிறார் என்று தலைமை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் சுவர் விசிறிக்காரர்கள் வீடும் இருக்கிறது. அண்ணி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அண்ணன் திருப்பிக்கொள்ளவில்லை. காலையில் அவரே டிபன் டப்பாவைக் கழுவி அண்ணி கையில் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஒரு தடவையாவது என்னைத் திட்டிடுங்களேன்."

"எதுக்குத் திட்டணும்? நீ என்னை உள்ள இழுத்துக்கத்தானே பார்த்தே."

இதைவிட அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம். அண்ணி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எங்கள் இருவருக்கும் கேட்டது.

போன வாரம் அண்ணி என் ஸ்டோருக்கு வந்தார். அலமாரிகளுக்கு நடுவில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க பிரிவுக்குக் கோடு என்னைப் போடச் சொல்லியிருக்காங்க. வயலுக்குப் போற பம்புன்னு போட்டா முதல் இடம். ஆனா வீட்டு பம்பு வெளிய போயிடும், உங்க ஸ்டோரும் அதோட போயிடும். பெரிசா தண்ணின்னு போட்டா விசிறிக்கு ஆன கதிதான், மொத்தமா போயிடும். நீங்களே சொல்லுங்க. எங்க போடட்டும்?"

எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிற நான் அன்று அதை மூட்டை கட்டி வைத்தேன். ஸ்டோரில் என்னோடு இருக்கிற ஆட்களைப் பார்த்தேன். அடுத்த ஹாலில் வயல் பம்பை ஓட்டிச் சோதிக்கிற சத்தம் கேட்டது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் வீடு இருக்கிறது.

"சின்னதாவே போட்டுடுங்க அண்ணி," என்றேன். "ஆனா என்னை வெளிய விட்டுக் கோடு போட்டது நீங்கதான்னு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."