மரை கழண்டவர் யார்?

என் வீட்டுச் செப்புக் குழாயில், மகன் அனுப்பிய ஜெர்மனி தண்ணீர் டேப்பைப் பொருத்த வந்தார் எங்கள் ஊர்ப் பிளம்பர் ஒருவர். துபாயிலிருந்து திரும்பியவர், இஸ்திரிச் சட்டையோடுதான் ஸ்பானரைத் தொடுவார். டேப்பின் மரை மில்லிமீட்டர் அளவு, குழாய் முனையின் மரை இஞ்ச் அளவு, இடையில் அடாப்டர் வேண்டும் என்றேன்.

"தம் கட்டி முறுக்கினா ஏறிக்கும் சார்" என்று முறுக்கி, மரையை அழித்தார். பிறகு ஊர் உப்பளத்துக்குப் பக்கத்து டீக்கடையில், "பெருசுக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்றாராம்.

கோயில் மண்டபக் குழாய் வேலை கேட்டு அவர் வந்தபோது, கோயில் குழுத் தலைவனான நான் எல்லோர் முன்னிலையிலும் அதே வகை டேப்பை மாட்டிக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். மறுபடியும் முறுக்கினார். தண்ணீர் பீறிட்டுச் சட்டை நனைந்தது.

"இப்ப யாருக்குப்பா மரை கழண்டிருக்குது?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும்தான் சார்!"

கூட்டம் சிரித்தது. வேலையை வேறொருவருக்குக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்கு மட்டும் இன்னும் பழிதீர்க்க முடியவில்லை.