ராயபுரத்துக்காரியைத் திருத்திய கையேடு

“யக்கா, இத படிச்சிட்டு நீயே சொல்லு. நான் எந்த ஊரு பொம்பள?”

ஜெசிந்தா ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக் கல்லாப் பெட்டி மேல் போட்டாள். விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடை கரீம் பாய் எட்டிப் பார்த்தார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது. ராயபுரத்தில் ஜெசிந்தா குடும்பத்தின் கயிறு, தார்ப்பாய் மொத்தக் கடை. துணி காயப்போட நைலான் கயிறு வாங்கலாம் என்று திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறிப் போனேன். கயிற்றை மறந்துவிட்டு, கோபத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

ஜெசிந்தாவும் உங்களைப்போல நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியின் வாசகி. மத்தியான வேளையில் வியாபாரம் மந்தமாகும் நேரத்தில், கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறாள். ஒரு பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டும் விட்டது. முதல் புத்தகம்! திருத்திப் பார்க்க அனுப்பும் அச்சுப்படி, அதாவது மெய்ப்பு, கைக்கு வந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தாளாம். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால்... பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

‘வட சென்னைப் பாத்திரம் இப்படிப் பேசாது. கையேடு காண்க.’

கையேடு என்றால் கல்லாவில் வந்து விழுந்ததே, அதுதான். எழுத்தாளர்களுக்கான வட்டார வழக்குக் கையேடாம். எந்த ஊர்க்காரர் எப்படிப் பேசுவார் என்று ஊர் வாரியாக அத்தியாயம். எடிட்டர் அதைப் பார்த்துத் திருத்திவிட்டு, ‘இனி எழுதும்போது உதவும்’ என்று ஒரு பிரதியை அன்பளிப்பாகவும் அனுப்பியிருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் பிறந்து, ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, வட சென்னை எப்படிப் பேசும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம்!

“பாய், உங்கள இன்னா பண்ணிக்கிறாங்க பாருங்க” என்று மெய்ப்பை நீட்டினாள் ஜெசிந்தா. நாவலில் ஒரு முஸ்லிம் வியாபாரி வருகிறார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கரீம் பாய் சத்தமாகப் படித்தார்.

“‘நம்பள்கி கடை, நிம்பள்கி காசு...’ யாரும்மா இது? சேட்டா?”

“நீங்கதான் பாய்.”

“நானா? எங்க தாத்தா, அவரு அப்பா எல்லாம் இதே தெருவுல தமிழ்ல சண்ட போட்டு வளந்தவங்கம்மா! நம்பள்கி நிம்பள்கின்னு பேசினா எங்கூட்டுல சோறு போடுவாங்களா?”

மினி லாரிக்குத் தார்ப்பாய் எடுக்க வந்திருந்த ஏழுமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பாய், நம்பள்கி ஒரு டீ சொல்றது... நிம்பள்கி காசு குடுக்கறது!”

“டேய், நிம்பள்கி ஒதை வோணுமா?” என்றார் பாய்.

சிரித்தோம்தான். ஆனால் ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் விரல் மெய்ப்பின் கடைசிப் பக்கங்களில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் இந்தத் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜெசிந்தாவின் மாமனார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். இங்கே அப்படிப் பல குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாயில் இரண்டு பேச்சு இருக்கும். கல்லாவில் உட்கார்ந்தால், “இன்னா ஏழுமல, போன தபா எட்துகினு போனது அதுக்குள்ள கிழிஞ்சிச்சா?” அதே வாய், வீட்டுக்குள் நுழைந்ததும் பேசும்: “அத்த, சாப்ட்டியளா? மாத்திரை போட்டியளா?” யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைப் பேச்சு வாசற்படி தாண்டி வீட்டுக்குள் போகாது. வீட்டுப் பேச்சு கல்லாவுக்கு வராது.

ஒரே ஒரு நாள் வந்தது. ஜெசிந்தாவின் மாமனார் கடையிலேயே சாய்ந்து இறந்துபோன நாள். சேதி கேட்டு ஓடிவந்த அத்தை, அதாவது ஜெசிந்தாவின் மாமியார், மூட்டை தூக்குபவர்களும் வாடிக்கைக்காரர்களுமாக இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, தெருவே அதுவரை கேட்டிராத அந்த வீட்டுப் பேச்சில் அழுதாராம். நாவலின் கடைசிக் காட்சி அதுதான். முந்நூறு பக்கத்துப் புத்தகமும் அந்த ஒரு வரிக்காகத்தான் நடந்து வருகிறது.

ஜெசிந்தா எழுதியது: “என்னைய இங்கன தனியா விட்டுட்டுப் போறியளே... நம்ம பேச்ச நான் இனி யாருகிட்ட பேசுவேன்?”

கையேட்டின்படி திருத்தப்பட்டது: “இன்னா நைனா, என்னிய பேஜாராக்கிட்டு பூட்டியே!”

ஏழுமலைக்கே சிரிப்பு நின்றுவிட்டது. “இன்னாக்கா இது? புருசன் பொணத்தாண்ட உக்காந்துகினு எவளாவது நைனான்னுவாளா? சினிமால அடி வாங்கறதுக்குன்னே ஒருத்தன் வருவானே, அவன் பேசற மாதிரி கீது.”

“புக்கு வந்ததும் அத்தைக்கு நாந்தான் படிச்சிக் காட்டணும்க்கா. கண்ணு தெரியல அவங்களுக்கு. தெனம் கேக்குறாங்க, எப்போ வருதுன்னு” என்றாள் ஜெசிந்தா. “இத எப்டி படிச்சிக் காட்டுவேன்?”

“அப்ப முடியாதுன்னு சொல்லிடேன்.”

“அவங்க படிச்சவங்க... புக்கு வேற ஆதாரமா வச்சிக்கிறாங்க. வேணாம்னுட்டா? இத வுட்டா எனக்கு யார் போடுவாங்க? நாளைக்குள்ள ஓகே சொல்லணுமாம்.”

பார்த்தீர்களா? சொந்த மாமியார் அழுததைக் காதால் கேட்டவள் சந்தேகப்படுகிறாள். எந்த ஏசி அறையிலோ உட்கார்ந்து கையேட்டை எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை!

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்கிறீர்களா? நான் கல்லூரி வாசலை மிதிக்காதவள். எனக்கு வாத்தியார், டியூஷன் எல்லாமே குறிப்புதவிப் புத்தகங்கள்தான். அதில் ஒன்று பொய் சொன்னால் என் வாத்தியாரே பொய் சொன்ன மாதிரி.

‘எழுதப் பழகுகிறேன், என்ன புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்?’ என்று உங்களில் எத்தனையோ பேர் கேட்கிறீர்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். அட்டை கிழிந்த ஓர் அகராதி. மீன்களின் படமும் பெயரும் போட்ட ஒரு சின்னப் புத்தகம். மின்சார ரயில் கால அட்டவணை. பழைய நகர வரைபடம் ஒன்று, புதியது ஒன்று. பள்ளிக்கூடத்து அறிவியல் பாடப்புத்தகம் — அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று அதைவிட எளிதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. தினசரி காலண்டர் கட்டைக்கூட நான் எறிவதில்லை. மீஞ்சூரில் ரயிலேறியவர் எத்தனை மணிக்கு ராயபுரத்தில் இறங்குவார், அன்று அமாவாசையா என்பதெல்லாம் கற்பனை செய்யக்கூடிய விஷயமா? கிழக்கே இருக்கும் எண்ணூர்க் கடலில் சூரியனை மறைய வைத்த கதைகளையும் நான் படித்திருக்கிறேன், சாமி!

அழகான அட்டையும் கனமும் அலமாரிக்குத்தான் நல்லது. எழுதும்போது தன்னால் கை எதை நோக்கி நீளுகிறதோ, அதுதான் உங்கள் புத்தகம். வாங்குவதற்கு முன் நான் செய்வது ஒன்றே ஒன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இருக்கும் பக்கத்தைத் திறப்பேன். அங்கேயே தப்பு என்றால், தெரியாத விஷயத்துக்கு அதை எப்படி நம்புவது?

இந்தக் கையேட்டை அப்படித்தான் திறந்தேன். வட சென்னை அத்தியாயம். இங்கே மீனவர், வியாபாரி, கன்னியாஸ்திரீ, போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறவர், டாக்டர் என எல்லாருக்கும் ஒரே பேச்சு. அதிலும் பாதி வசவு! யாரைக் கேட்டு எழுதினார்கள் என்று முன்னால் புரட்டினேன். நன்றியுரை கண்ணில் பட்டது.

“போனப் போடு” என்றேன். “எடிட்டருக்கு. ஸ்பீக்கர்ல.”

எடுத்தவர் சின்ன வயசுக் குரல். நல்ல மரியாதை. நான் யாரென்று சொன்னதும், “வணக்கம் மேடம். உங்க பத்தியை நான் வாராவாரம் படிப்பேன்” என்று வேறு சொல்லிவிட்டார். ஆளைத் திட்டுவதே சிரமமாகிவிட்டது.

“தம்பி, ஏம்ப்பா இப்படித் திருத்தின?”

“வட சென்னைன்னா ரீடர்ஸ் ஒரு ஃபிளேவர் எதிர்பார்ப்பாங்க மேடம்...”

“ஃபிளேவர் வேணும்னா ஐஸ்கிரீம் கடைக்குப் போகச் சொல்லு. இது ஒரு பொம்பள அழுகை.”

“உண்மையைச் சொல்றேன் மேடம். நான் கும்பகோணம். எனக்கு உங்க ஏரியா தெரியாது. தெரியாததாலதான் புத்தகத்தைப் பார்த்தேன்.”

அதில் என்ன தப்பு? தெரியாததற்குப் புத்தகத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான்தானே! அவர் மேல் இருந்த கோபம் முழுசாகப் புத்தகத்தின் மேல் ஏறிக்கொண்டது.

“நன்றியுரையைத் திற, தம்பி. கடைசிப் பத்தி. நீயே படி.”

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. “‘வட சென்னை வழக்குகளைத் தொகுக்க... திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள்... பெரிதும் உதவின...’”



“நான் சொன்னேன்ல?” என்றார் ஏழுமலை பெருமையாக.

“இந்த ஒரு அத்தியாயம் மட்டும் அப்படி இருக்கலாம் மேடம்...”

“இருக்கலாம். உங்க ஊரைத் திற.”

மறுபடியும் பக்கங்கள். பிறகு அந்த மரியாதைக் குரல் திடீரென்று உயர்ந்தது.

“என்ன மேடம் இது? வாயில வெத்தலை இல்லாம எங்க ஊர்ல யாரும் பேச மாட்டாங்களாம்! வாய்க்கு வாய் ‘பேஷ் பேஷ்’னு சொல்லணுமாம்! எங்கப்பா பஸ் கண்டக்டர் மேடம். வெத்தலையே தொட மாட்டார். யாரு எழுதினது இத?”

“கோவம் வருதா தம்பி?”

“வராதா மேடம்?”

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல்லாவில் உட்கார்ந்தபடி, ஏழுமலையும் பாயும் கேட்க, அந்த வரியை மெதுவாகப் படித்தாள். தான் எழுதியபடியே, வீட்டுப் பேச்சில். “...நம்ம பேச்ச நான் இனி யாருகிட்ட பேசுவேன்?”

ஏழுமலை தலைக்குக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“சார்” என்றாள் ஜெசிந்தா. “இத மாத்தினா எனக்கு புக்கே வேணாம்.”



“சிவப்பு மையை எல்லாம் எடுத்துடறேன் மேடம்” என்றார் எடிட்டர். “முதல் பக்கத்திலிருந்து.”

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. அத்தை இன்னும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.

கையேடா? ஜெசிந்தா கடையில்தான் இருக்கிறது. துறைமுகத்துக் காற்றில் பில் புத்தகம் படபடக்காமல் இருக்க அதன் மேல் வைத்திருக்கிறாள். வட சென்னைக்கு அது செய்த முதல் உதவி!