சுவரோரத்து வாய்க்கால்

கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. மண் சுவர், ஓலைக் கூரை. என் வீட்டுக்காரர் தினமும் ரயிலேறிப் பட்டணத்து ஆலைக்குப் போய் வருவார். மாசாமாசம் அரிசிக் கடையில் போய் நிற்பது அவருக்குப் பிடிக்காது. தை அறுப்பில் நெல் மலிவாகக் கிடைக்கும்போதே வருஷத்துக்கும் வாங்கிக் குதிரில் கொட்டிவிடுவோம். ஆள் உயர மண் குதிர், பின்சுவரை ஒட்டி உள்ளே நிற்கும். கொட்டியதும் மேல்வாய், அடிவாய் இரண்டையும் களிமண்ணும் சாணியும் பிசைந்து பூசி அடைத்துவிட வேண்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்றைக்குத்தான் திறப்பது. முதல் படி அவளுக்கு. அதுவரைக்கும் மூட்டையில் தனியாக எடுத்து வைத்ததைத்தான் குத்திச் சாப்பிடுவோம்.

அந்த வருஷம் அவருக்குத் தோட்டக் கிறுக்குப் பிடித்தது. காய்க்கும் இனிமேல் காசு கொடுக்கக் கூடாதாம். பின்சுவர் நெடுக வெளிப்பக்கம் வாய்க்கால் வெட்டி, அவரையும் சுரையும் போட்டு, கொடியைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அந்த வாய்க்காலுக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. சுவருக்கு அந்தப் பக்கம் குதிர் இருக்கிறதே என்றேன். கல் மாதிரி இருக்கிற சுவர், உனக்கு நல்லது எதுவுமே கண்ணில் படாதா என்று சீறினார். காய் காய்த்ததும் மனுஷரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ரயிலில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் சுரைக்காய் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனி மாசம் ஒருநாள் குதிரோரம் பெருக்கும்போது ஒரு வாடை. ஊறப்போட்ட நெல்லை மறந்துவிட்டால் வருமே, அந்தப் புளிச்ச வாடை. குதிரின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. மூட்டை நெல் ஆடி வரைக்கும்தான் வரும். அதற்கப்புறம் என் மூன்று பிள்ளைகளுக்கும், மாமியாருக்கும், எங்களுக்கும் அடுத்த அறுப்பு வரை இந்தக் குதிர்தான் சோறு. மழைக்காலத்து விலைக்கு நெல் வாங்க எங்களால் ஆகாது.

அவர் வேலை விட்டு வந்ததும் சொன்னேன். கை வைத்துப் பார்த்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். வெயில் புழுக்கம் என்றார். பிறகு, அம்மா சம்மதிக்காமல் திறக்க முடியாது என்று நழுவிக்கொண்டார். மாமியார் ஒரே பிடியாக நின்றார். அம்மனுக்கு முந்திக் குதிரில் கை வைத்தால் அம்மை வீட்டுக்குள் வந்துவிடும் என்றார். அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் அப்போது வேப்பிலை செருகியிருந்தது. எனக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் வாடை இன்னும் ஏறியது. அதற்கு மறுநாள் அவர் ரயிலுக்குக் கிளம்பியதும் கடப்பாரையை எடுத்தேன். மாமியார் குதிருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"உன் புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டு இடிடி."

"பாத்துட்டுதான் வந்துக்கீறேன் அத்தே. நவுருங்க."

நகர்ந்தார். என்ன நினைத்து நகர்ந்தாரோ தெரியாது. அடிவாயை இடித்துத் திறந்தேன். நெல் சரசரவென்று கொட்ட வேண்டும், ஒன்றும் வரவில்லை. கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினேன். கட்டியாக ஒன்று பெயர்ந்து காலடியில் விழுந்தது. வாய்க்கால் தண்ணீர் சுவர் வழியே ஊறி, நெல் முளைத்து, வெள்ளை வேர் பின்னிக்கொண்டு, ஆவி பறந்தது. அடப் பாவி மனுஷா என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். மாமியார் காதில் விழுந்திருக்கும்.

மாமியார் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். மேல்வாய்ப் பூச்சைத் தானே உடைத்தார். மேலாக இருந்த காய்ந்த நெல்லில் ஒரு படி அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து விளக்கு மாடத்தில் வைத்தார்.

"அவளுக்கு எடுத்து வெச்சிட்டேன். இப்ப வாரு, சீக்கிரம் வாரு."

இரண்டு பேரும் கூடை கூடையாக வாரி வாசலில் பரப்பினோம். உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திருவாலங்காட்டுப் பக்கம் வானம் கறுத்தது. நல்ல நெல்லைப் பாயோடு சுருட்டி உள்ளே இழுத்தோம். பிள்ளைகளும் கையில் அகப்பட்ட சட்டியில் அள்ளினார்கள். கடைசிக் கூடை உள்ளே போகும்போது பெரிய பெரிய துளியாக விழுந்தது. என் முதுகு விட்டுப்போயிற்று.

என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தபோது கூடத்தில் இரண்டு குவியல். நல்லது ஒன்று. முளைக்காமல் கறுத்து நாறிப்போனது இன்னொன்று, சின்னது. முளைத்ததை ஏற்கெனவே குப்பையில் கொட்டியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் காத்திருந்தேன். குவியலைப் பார்த்து அவர் வாசப்படியிலேயே நின்றுவிட்டார். கறுத்ததை எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"வாணாம். அத அவிச்சுக் காய வெச்சுக் குத்து. எனுக்கு அதையே போடு."

அந்தச் சோறு வேகும்போது வீடே நாறும். வேலைக்கும் அதைத்தான் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு போனார். முதலில் அவருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது, அவ்வளவு கோபம். கொஞ்ச நாளில் மனசு கேட்கவில்லை. ஒருநாள் நல்ல சோற்றை அடியில் வைத்து மேலே அதைப் போட்டு மூடிக் கொடுத்தேன். அடிச்சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து பிள்ளைகள் தட்டில் போட்டார்.

தப்பு என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல நெல் தை அறுப்பு வரைக்கும் வந்தது. அவர் அதில் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை, அதனால்தான் வந்தது.